காசில்லாமல் செய்தித் தொழில் பழகலாமா? பாம்பன் பக்கத்திலிருந்து ஒரு விமர்சனம்

எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிற டிஜிட்டல் இதழியல் பாடங்கள் தரமானவை, தாராளமாகப் படிக்கலாம். ஆனால் அவர்கள் அடுக்கி வைத்திருக்கிற வரிசையில் படிக்க வேண்டாம். நம்ம கடற்கரைக்கு முதலில் வேண்டியது சரிபார்க்கிற வேலை. வீடியோ எடிட்டிங், தலைப்பு வைப்பது, ஆட்களைச் சேர்ப்பது எல்லாம் அப்புறம்தான்.

தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம், இந்தப் பக்கம் கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர் என்று எந்த ஊரை எடுத்தாலும் இன்றைக்கு உள்ளூர்ச் செய்தி போடுகிற யூடியூப் சேனல் ஒன்றாவது இருக்கிறது, வாட்ஸ்ஆப் குரூப்புகளுக்குக் கணக்கே இல்லை. பத்திரிகை நிருபர் வந்து சேர்வதற்குள் கரையில் நிற்கிற பையன் படம் பிடித்து அனுப்பிவிடுகிறான். படகு திரும்பவில்லை என்றால் வீட்டில் இருக்கிறவர்கள் முதலில் பார்ப்பது அந்தக் குரூப்பைத்தான், அதனால் அதில் போகிற ஒரு வரி தப்பாக இருந்தால்கூட ஒரு தெருவே ராத்திரி முழுக்கத் தூங்காது. இந்த வேலையைச் செய்கிறவர்களில் முறையாகக் கற்றவர்கள் ரொம்பக் குறைவு, கற்றுக்கொள்ள இடமும் இல்லை. எங்கள் சொந்தக்காரப் பையன் ஒருவன் வெளியூரில் ஒரு பயிற்சி நிலையத்தில் பணம் கட்டிச் சேர்ந்தான். தம்ப்நெயில் செய்வதும் குரல் கொடுப்பதுமாகவே வகுப்பு முடிந்துவிட்டது. ஒரு தகவலை இரண்டு பேரிடம் கேட்டு உறுதி செய்ய வேண்டும் என்று யாருமே சொல்லித்தரவில்லை. அதைக் கேட்ட பிறகுதான் இலவசமாக என்ன கிடைக்கிறது என்று நானும், கல்லூரியில் படிக்கிற என் சித்தி மகளும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தோம்.

பாடங்களில் மூன்றைச் சொல்லலாம். ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம், ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவின் ஆதரவோடு உருவாக்கிய டிஜிட்டல் இதழியல் அறிமுகப் பாடம், கூகுள் நியூஸ் இனிஷியேட்டிவ் பயிற்சித் தளம், அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் நைட் சென்டர் நடத்துகிற வகுப்புகள். அடித்தளத்துக்கு ராய்ட்டர்ஸ் போதும். தகவலை எப்படித் திரட்டுவது, சமூக ஊடகத்தில் வருகிற படத்தை எப்படிச் சோதிப்பது, செய்தியாளர் தன் உடலையும் மனதையும் எப்படிக் காத்துக்கொள்வது என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டு போகிறார்கள். அந்தக் கடைசிப் பகுதியைத் தயவுசெய்து தள்ளிவிட்டுப் போகாதீர்கள். கரையில் ஒதுங்கிய உடலைப் படம் பிடித்த பையன்கள் நம்ம ஊரில் இருக்கிறார்கள், அவர்களிடம் யாரும் உட்கார்ந்து பேசியதில்லை. கூகுள் தளம் கருவி கருவியாகப் பிரித்துச் சொல்லித்தருகிறது, ஒவ்வொரு பாடமும் சின்னது, பஸ்ஸில் போகும்போதே ஒன்றை முடித்துவிடலாம். நைட் சென்டர் கொஞ்சம் ஆழம். பொதுவாகச் சில வாரங்கள் நடக்கிற வகுப்புகள் அவை, முடிந்த பிறகும் வீடியோக்களையும் படிக்க வேண்டியவற்றையும் தளத்தில் விட்டு வைக்கிறார்கள், சான்றிதழ் வேண்டும் என்றால் மட்டும் கட்டணம். சான்றிதழை வைத்து நம்ம ஊரில் ஒன்றும் ஆகப்போவதில்லை, அந்தக் காசுக்கு ஒரு நல்ல காலர் மைக் வாங்கிக்கொள்ளுங்கள்.

இனிக் கருவிகள். இதில்தான் எங்களுக்கு நிஜமான லாபம்.

தனுஷ்கோடியில் இப்போது கடல் கொந்தளிக்கிறது என்று ஒரு வீடியோ வந்தது, இந்த மாதிரி உங்களுக்கும் வந்திருக்கும். தடுப்புச் சுவரைத் தாண்டி அலை ஏறிச் சாலையில் நிற்கிற கார்களின் மேல் விழுகிறது. சித்தி மகள் வீடியோவை நிறுத்தி நிறுத்தி, அலை கீழே இறங்குகிற இடத்தில் ஒரு காட்சியை ஸ்கிரீன்ஷாட் எடுத்தாள். தண்ணீர்த் திரை விலகியதும் பின்னால் வரிசையாக அடுக்குமாடிக் கட்டடங்கள். "அக்கா, இது நம்ம பக்கம் இல்லன்னு பார்த்ததுமே தெரியுதே, இதுக்குப் போய் எதுக்கு இவ்வளவு மெனக்கெடணும்?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு தனுஷ்கோடி குடியிருக்கத் தகுதியில்லாத இடம் என்று அரசு அறிவித்துவிட்டது. இடிந்த தேவாலயமும் குடிசைகளும் கடைகளும்தான் அங்கே இருக்கின்றன, மாடி வீட்டுக்கு எங்கே போவது? ஆனால் அது நமக்குத் தெரியும், துபாயில் வேலை பார்த்துக்கொண்டு அம்மாவுக்குப் போன் போட்டு அழுகிற மகனுக்குத் தெரியாது. அவனிடம் "இது பொய்" என்று சொன்னால் மட்டும் போதாது, இந்தா பார், இது இன்ன வருஷமே இணையத்தில் வந்த வீடியோ என்று எடுத்துக் காட்ட வேண்டும். அந்த ஸ்கிரீன்ஷாட்டை கூகுள் லென்ஸில் போட்டோம், அதே கட்டட வரிசையோடு வேறு படங்கள் வந்தன. அப்புறம் டின்ஐ தளத்தில் போட்டு, பழையது முதலில் வருகிற மாதிரி அடுக்கிப் பார்த்தோம். வெளிநாட்டுக் கடற்கரை நகரம் ஒன்றின் பழைய காட்சி. இரண்டு இணைப்பையும் சேர்த்துக் குரூப்பில் போட்டாள், பேச்சு அத்தோடு அடங்கியது.

லென்ஸ் சாயலில் ஒத்திருக்கிற படங்களையும் கொண்டுவரும், டின்ஐ அதே படத்தையோ அதை வெட்டி ஒட்டிய பிரதியையோதான் தேடும். அதனால் இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவதுதான் புத்திசாலித்தனம். யூடியூப் வீடியோ என்றால் அம்னஸ்டி இன்டர்நேஷனல் வைத்திருக்கிற யூடியூப் டேட்டாவியூவரில் இணைப்பைப் போட்டால் எந்த நேரத்தில் ஏற்றப்பட்டது என்று காட்டும். இன்விட் என்கிற சரிபார்ப்புச் செருகி (பிரவுசரோடு சேர்த்துக்கொள்கிற சின்ன மென்பொருள்) இன்னும் ஒரு படி மேலே. வீடியோவை அதுவே முக்கியமான காட்சிகளாகப் பிரித்து, பல தேடுபொறிகளில் ஒரே நேரத்தில் தேட வைக்கும். ஆனால் அதற்கு லேப்டாப் வேண்டும், ஆண்ட்ராய்டு குரோமில் செருகிகள் ஓடாது. போன் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு ஸ்கிரீன்ஷாட்டும் லென்ஸுமே வழி, அதுவே பாதி வேலையை முடித்துவிடும். தமிழில் ஏற்கெனவே யாராவது சரிபார்த்திருக்கிறார்களா என்று தெரிந்துகொள்ள கூகுளின் ஃபேக்ட் செக் எக்ஸ்ப்ளோரரில் தமிழிலேயே தட்டச்சு செய்து தேடலாம்.

இதோடு நிறுத்தினால் எல்லாவற்றையும் பொய் என்று சொல்லப் பழகிவிடுவோம், அது இன்னும் ஆபத்து. 2024 மே மாதத் தொடக்கத்தில் கள்ளக்கடல் எச்சரிக்கை வந்தது ஞாபகம் இருக்கும். இங்கே காற்றும் இல்லை மழையும் இல்லை, எங்கோ தொலைவில் பெருங்கடலில் அடித்த காற்றால் கிளம்பிய அலை நம்ம கரைக்கு வந்து ஏறும் என்றார்கள். காற்றே இல்லாமல் அலை எப்படி வரும் என்று கேட்கத்தான் தோன்றும். ஹைதராபாத்தில் இருக்கிற இன்கோயிஸ் என்ற கடல்சார் தகவல் மையத்தின் தளத்தைத் திறந்து பார்த்தால் எந்த மாவட்டக் கரைக்கு, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று எழுதியிருக்கும். நான் பார்த்த எந்த வெளிநாட்டுப் பாடத்திலும் இன்கோயிஸ் பெயர் இல்லை, இருக்கவும் முடியாது. அதனால் உங்கள் போனில் முதல் புக்மார்க்காக அதைப் போட்டுக்கொள்ளுங்கள், அடுத்தது வானிலை ஆய்வு மையத்தின் சென்னைப் பக்கம்.

பாம்பன் துறைமுகத்தில் ஏற்றுகிற புயல் கூண்டையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். 1 முதல் 11 வரை எண்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள் உண்டு. 3 ஏற்றினால் திடீர்க் காற்றோடு மழை வரலாம் என்ற எச்சரிக்கை, 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று அர்த்தம். "3ஆம் எண் கூண்டு ஏத்தியாச்சு, புயல் பாம்பனில் கரை கடக்கிறது" என்று தலைப்பு வைப்பவர்கள் அந்தப் பட்டியலை ஒரு தடவை வாசித்தால் போதும்.

எண்களைக் கையாளுவது பற்றி ஒரு விஷயம். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் கொட்டிய மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 10 மணி நேரத்தில் 41 செ.மீ. என்று ஒரு செய்தி, அதைவிடக் கூடுதலான எண்ணோடு இன்னொரு செய்தி, எது சரி என்று ஒரே சண்டை. இரண்டும் சரி. முன்னது அன்று மாலை வரையிலான கணக்கு. வானிலைத் துறையின் ஒரு நாள் என்பது காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை, அந்த முழுநாள் கணக்கு தனி. எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை என்று எழுதாத மழை அளவு செய்தியே இல்லை என்று நான் சொல்வேன். இதை டேட்டாராப்பர் தளத்தில் ஒரு பட்டை வரைபடமாகப் போட்டுப் பார்த்தோம். ராமேஸ்வரம், தங்கச்சிமடம், பாம்பன், மண்டபம் நான்கும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள், ஆனால் பட்டைகளின் நீளம் வேறு வேறு. படத்தைப் பார்த்ததும்தான் மழை எவ்வளவு குறுகிய இடத்தில் நின்று அடித்திருக்கிறது என்று உறைத்தது. டேட்டாராப்பர் இலவசக் கணக்கிலேயே நன்றாக வேலை செய்கிறது, தமிழ் எழுத்தும் உடையவில்லை.

நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்து நைட் லேபின் டைம்லைன்ஜேஎஸ் கருவியும் அப்படித்தான். கூகுள் ஷீட்டில் தேதியும் இரண்டு வரியும் எழுதினால் அதுவே காலக்கோடாக மாற்றிவிடும். பயிற்சிக்குப் பாம்பன் பாலத்தை எடுத்துக்கொண்டோம். 1914இல் ரயில் பாலம், 1964இல் புயல், 1988இல் சாலைப் பாலம், 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயில் நின்றது, 2025 ஏப்ரல் 6இல் புதிய பாலம் திறப்பு. புதுசாகச் சேர்கிறவர்களுக்கு முதல் பயிற்சியாக நான் இதைத்தான் கொடுப்பேன். ஒவ்வொரு தேதிக்கும் எங்கே பார்த்தாய் என்ற கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும், அதிலேயே ஆதாரம் தேடுகிற பழக்கம் வந்துவிடும்.

இப்போது குறைகள். பாடங்கள் சீக்கிரம் பழசாகிவிடுகின்றன, அதைத் தளத்துக்காரர்கள் எடுத்துவிடுவதும் இல்லை. இணையத்தில் சுற்றுகிற பழைய பாடக் குறிப்புகள் சமூக ஊடகப் பதிவுகள் எப்படிப் பரவுகின்றன என்று காட்டிய கிரவுட்டேங்கிள் கருவியை இன்னும் பயன்படுத்தச் சொல்கின்றன, மெட்டா அதை 2024 ஆகஸ்டிலேயே மூடிவிட்டது. கூகுள் தேடலில் கேச் பக்கத்தை, அதாவது கூகுள் சேமித்து வைத்த பிரதியை, பார்க்கச் சொல்கிறவையும் உண்டு, அந்த வசதியும் அதே வருஷம் போய்விட்டது. அதற்குப் பதில் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினைப் பழகிக்கொள்ளுங்கள். அரசுத் துறைத் தளத்தில் ஓர் அறிவிப்பைப் பார்த்ததும் அங்கே சேமித்து வைத்துவிட்டால், நாளைக்கு அந்தப் பக்கம் மாறினாலும் உங்கள் கையில் ஆதாரம் இருக்கும். பாடம் எந்த வருஷம் எழுதியது என்று பார்த்துவிட்டு உட்காருங்கள்.

மொழியும் ஒரு சுவர். நாங்கள் படித்தவை எல்லாம் ஆங்கிலத்தில்தான். சித்தி மகளுக்கே சில இடத்தில் நிறுத்தி நிறுத்திப் போக வேண்டியிருந்தது. பத்தாவதோடு நிறுத்திவிட்டு விசைப்படகில் போகிற, ஆனால் கடலைப் பற்றி என்னைவிட நூறு மடங்கு தெரிந்த ஒருவருக்கு இந்தப் பாடம் திறக்காது. நம்ம பக்கத்திலேயே பாம்பனில் கடல் ஓசை 90.4 சமூக வானொலி மீனவர்களுக்காக மீனவர் பேச்சிலேயே நடக்கிறது, அதைக் கேட்டாலே ஒரு தகவலை எப்படி எளிமையாகச் சொல்வது என்று புரியும். படிக்க வேண்டும் என்றால் பாரி என்ற கிராமப்புற இந்தியாவுக்கான மக்கள் காப்பகத்தில் தமிழிலும் கட்டுரைகள் இருக்கின்றன, நம்ம மாவட்டத்து பாரதிநகரில் கடல்பாசி எடுக்கும் பெண்களைப் பற்றியும் உண்டு. ஆளைக் கேட்டு, கூடப் போய், பொறுமையாக எழுதியிருக்கிறார்கள். அந்தப் படக் குறிப்புகளை மட்டும் வாசித்தாலே ஒரு பாடம் படித்த மாதிரி.

பாசி எடுக்கும் பெண்கள் என்றதும் பெரிய விடுபடல் ஒன்று ஞாபகம் வருகிறது. வெளிநாட்டுப் பாடங்கள் ஒரு படம் எங்கே எடுத்தது என்று கண்டுபிடிக்க அருமையாகச் சொல்லித்தருகின்றன. நிழலின் திசையை, சூரியன் நிற்கும் திசையைக் காட்டுகிற சன்கால்க் தளத்தில் ஒப்பிடுவது, கூகுள் எர்த்தில் பழைய செயற்கைக்கோள் படத்தைத் திருப்பிப் பார்ப்பது என்று எல்லாம் உண்டு. ஆனால் நம்ம கரையில் பல நேரம் இடத்தை மறைப்பதுதான் செய்தியாளரின் கடமை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்வாழ் தேசியப் பூங்கா, அங்கே போவதற்கே கட்டுப்பாடு. பிழைப்புக்காகப் போய் வருகிற ஒரு பெண்ணின் முகத்தையும் பின்னால் தெரிகிற தீவையும் சேர்த்துப் போட்டால், உங்களுக்கு நல்ல படம், அவருக்கு வழக்கு. போன் கேமராவில் இருப்பிடப் பதிவை அணைத்து வையுங்கள். வாட்ஸ்ஆப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அந்தத் தகவல் நீங்கிவிடும், தரம் குறையக் கூடாது என்று டாக்குமென்ட்டாக அனுப்பினால் அப்படியே கூடவே போகும். படம் எடுக்கும் முன்னால் "எடுக்கலாமா" என்று கேட்டால் மட்டும் போதாது, எங்கே போடப்போகிறோம், யாரெல்லாம் பார்ப்பார்கள் என்றும் சொல்லிக் கேட்க வேண்டும்.

இலங்கைக் கடற்படை படகைப் பிடித்துவிட்டது என்ற செய்தியும் இதே எச்சரிக்கையோடு கையாள வேண்டியது. முதல் ஒரு மணி நேரத்தில் வருகிற பெயர்ப் பட்டியல் பெரும்பாலும் யாரோ யாருக்கோ போனில் சொன்னது. நம்ம ஊரில் ஒரே பெயர் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும், அப்பா பெயரும் படகு எண்ணும் இல்லாத பட்டியலை வெளியிடவே கூடாது. படகு எண்ணில் டிஎன் என்பதற்கு அடுத்து வருவதைப் பார்த்தால் எந்தப் பகுதிப் படகு என்று தெரியும், ராமேஸ்வரம் என்றால் 10. மீனவர் சங்கத்தில் ஒருவர், மீன்வளத்துறையில் ஒருவர், படகு உரிமையாளர் என்று கேட்ட பிறகும், வீட்டுக்குத் தகவல் போய்விட்டதா என்று ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. அந்தக் கேள்வியை நான் எந்தப் பாடத்திலும் பார்க்கவில்லை, அதுதான் இங்கே முதல் கேள்வி.

சட்டமும் அப்படித்தான், அவர்கள் நாட்டுச் சட்டத்தை அவர்கள் சொல்வார்கள், நம்முடையதை நாம்தான் தேடிப் படிக்க வேண்டும். பாலியல் குற்றத்துக்கு ஆளான குழந்தையின் பெயர், முகம், முகவரி, பள்ளி, குடும்பம் எதுவும் வெளியே வரக் கூடாது என்று 2012 போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு சொல்கிறது, யூடியூப் சேனலுக்கும் அது பொருந்தும். தகவல் உரிமைச் சட்டத்தைப் பற்றியும் அந்தப் பாடங்களில் ஒரு வரி கிடையாது. 10 ரூபாய்க் கட்டணத்தில் ஒரு மனு, 30 நாளில் பதில் தர வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்துக்கான நிவாரணம் நம்ம ஊரில் எத்தனை குடும்பத்துக்கு, எந்தத் தேதியில் போய்ச் சேர்ந்தது என்று கேட்டு ஒரு மனு எழுதிப் பாருங்கள். எந்த ஆப்பும் தராத செய்தி அதில் கிடைக்கும்.

ஒலிப்பதிவு பற்றிச் சுருக்கமாக. பாடங்களில் அமைதியான அறையில் உட்கார்ந்து பேட்டி எடுக்கிறார்கள், நமக்கு ஆடிக்காற்றில் கரையில் நின்றுகொண்டுதான் எடுக்க வேண்டும். ஏற்றி வைத்திருக்கிற வள்ளத்தின் மறைவுக்கு ஆளைக் கூட்டிப்போய் உட்கார வையுங்கள், மைக்கை வாய்க்குக் கிட்டே வைத்து மேலே ஒரு துணியைச் சுற்றுங்கள், போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள், இல்லாவிட்டால் பேச்சு சூடு பிடிக்கிற நேரத்தில்தான் யாராவது கூப்பிடுவார்கள். கேமரா லென்ஸில் படிகிற உப்பை ஒவ்வொரு தடவையும் துடைக்க வேண்டும், வறண்ட துணியால் அழுத்தித் தேய்த்தால் கீறல் விழும், லேசாக ஈரம் தொட்டுத் துடையுங்கள். பேச்சை எழுத்தாக்கித் தருகிற இலவச ஆப் ஒன்றையும் போட்டுப் பார்த்தோம், நகரை, சூடை, பாறை என்கிற மீன் பெயர்கள் அதற்குப் புரியவில்லை. பேட்டியைக் காதால் கேட்டு நீங்களே எழுதுங்கள், அந்த நேரத்தில்தான் எதைக் கேட்காமல் விட்டோம் என்று தெரியும்.

லேப்டாப் இல்லாதவர்கள் கூகுள் பாடங்களில் படத் தேடல் பகுதியை மட்டும் முதலில் முடித்துவிட்டு, அன்றைக்கே உங்கள் குரூப்பில் வந்த ஒரு வீடியோவை எடுத்துச் சோதியுங்கள். கல்லூரியில் படிக்கிறவர்கள் ராய்ட்டர்ஸ் பாடத்தை முழுதாக முடித்துவிட்டு நைட் சென்டருக்குப் போகலாம். குரூப் நடத்துகிற அண்ணன்மார் பாடத்துக்கு நேரமில்லை என்றால் பரவாயில்லை, உறுதி செய்யாத எதையும் யாரிடம் கேட்டுக்கொண்டு போட வேண்டும் என்று இரண்டு எண்களைக் குரூப் விவரத்தில் எழுதி வையுங்கள், ஒன்று சங்கத்துடையது, ஒன்று மீன்வளத்துறையுடையது.